வடக்கு அம்பைத் தொட்டது யார்

ஜூன் 23, திங்கள்

ஆனிக் காற்று. எங்கள் ஊர் க.பட்டி ஸ்டாப்பில் நிற்கவே முடியவில்லை. சாரல் ஒன்று வந்தது, நனைக்கவும் இல்லை, விடவும் இல்லை. என்னோடு பத்தாவது படித்த சௌமியா காலேஜ் பையோடு ஏறினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளும் பார்க்காத மாதிரியே இருந்தாள். பீளமேடு வரை அப்படியே. கழுத்து வலி.

மேப் வரையும் எங்கள் ஆபீஸில் அதே கதை. யாரோ மறுபடியும் டெம்ப்ளேட்டில் கை வைத்திருக்கிறார்கள். குடிநீர்க் குழாய் நீலத்தில் இருக்க வேண்டும், ஊதாவாகக் கிடக்கிறது. கீழே "வரைந்தவர்" என்ற இடம் காலியாக இருக்க வேண்டும், "நித்யா" என்று இருக்கிறது.

பக்கத்து நாற்காலி நித்யாக்காவிடம் காட்டினேன். வாயால் சொல்லவில்லை, திரையைத் திருப்பினேன்.

"அட ஆமா அம்மணி. சனிக்கிழமை அவசரத்துல காப்பி எடுக்காம அதுலயே செஞ்சுபோட்டேன். ஆனா ஊதா நானில்லை. அது ரஃபீக் அண்ணன் வேலை."

ரஃபீக் அண்ணன் பெரிய தாள் அச்சடிக்கும் மெஷினுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "எனக்கு நீலமும் ஊதாவும் ஒண்ணாத்தாம்மா தெரியும். என் நிக்காஹ்வுக்கே ஊதாச் சட்டை போட்டுட்டு நீலம்னு சாதிச்சவன் நான்."

"அதத்தான் சொல்றேன், நீங்கதான்."

சரிசெய்தேன். போன வாரமும் சரிசெய்தேன். எல்லாம் சர்வரில் ஒரே ஃபோல்டரில். எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, முதலாளி சாருடைய குலதெய்வத்தின் பெயர். யார் வேண்டுமானாலும் திறக்கலாம். யார் வேண்டுமானாலும் சேவ் பண்ணலாம். அப்புறம் கேட்டால் யாரும் செய்யவில்லை.

வீட்டில் அம்மா: "என்ன கண்ணு அது, டெம்ப்ளேட்டு டெம்ப்ளேட்டுங்கற?"

டெய்லர் வைத்திருக்கும் பேப்பர் கட்டிங் மாதிரி என்றேன். அதை வைத்துத்தான் எல்லா ஜாக்கெட்டும் வெட்டுவார்கள். ஒருத்தர் அந்தப் பேப்பரையே கத்தரித்துவிட்டால்?

"ஊர்ல ஒருத்தி கையும் உள்ள போகாது," என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு நாள் முழுக்க நான் பேசிய மொத்தமும் அம்மாவோடுதான்.

மாமா போன் செய்தாராம். அவர் சூப்பர்வைசராக இருக்கும் மில்லில் ஹாஸ்டல் இடம் இருக்கிறதாம். ஆடியில் சேர்க்க வேண்டாம், அதற்குள் எனக்குப் பதினெட்டும் முடிந்துவிடும், ஆவணி முதல் வாரம் என்றாராம். அம்மா "பாக்கலாங்கண்ணா" என்று சொல்லியிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.


ஜூன் 25, புதன், அமாவாசை

ஆபீஸைக் கழுவி விட்டிருந்தார்கள், கால் வைத்தால் வழுக்கும். வாங்கியவை: பொரி, கடலை, எலுமிச்சம்பழம், பூசணி, சாம்பிராணி. கற்பூரம் மறந்து மறுபடி கீழே ஓடினேன்.

பூஜை முடிந்ததும் சார் வழக்கம்போல என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆபீஸில் கிழக்குப் பார்த்த இடம் அது ஒன்றுதான். அமாவாசைக்கு அமாவாசை அவர் கிழக்கு முகமாக உட்கார்ந்து முதல் வேலையைத் தொடங்கி வைப்பார். ஃபோல்டரில் முதலில் இருக்கிற ஃபைலைத் திறப்பார், எதையாவது கொஞ்சம் செய்வார், சேவ் பண்ணிக் கும்பிடுவார். அவருக்குக் கைராசி என்று எல்லோரும் சொல்வார்கள். பேரூராட்சிக் குழாய் வேலை வந்ததே போன அமாவாசை தொடங்கி வைத்ததால்தான் என்று அவரே சொன்னார்.

முதலில் இருப்பது டெம்ப்ளேட்தான். தேடாமல் கிடைக்கட்டும் என்று நித்யாக்கா அதன் பெயருக்கு முன்னால் 00 போட்டு வைத்திருக்கிறார்.

இன்றைக்குக் கூடவே ஒருவர், சைட் போடுகிறவர், நிலத்தை மனை மனையாகப் பிரித்து விற்பவர். லட்டுப் பெட்டியோடு வந்து சாருக்குப் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டார். சார் அவருடைய சைட் படத்தை டெம்ப்ளேட்டுக்குள் போட்டுக் காட்டினார்.

"ஏனுங்க, இந்த வடக்கு அம்பு ஏன் இப்பிடிச் சாஞ்சு கெடக்குது?"

"இடம் கோணலுங்க. தாள்ல அடங்கோணுமின்னு படத்தத் திருப்பி வெச்சிருக்கறோம். படம் திரும்புனா அம்பும் கூடத் திரும்பும்."

"அது உங்களுக்குத் தெரியுது. சைட் பாக்க வர்றவன் அம்பே சாஞ்சிருக்குது, வாஸ்து சரியில்லைன்னு ஓடிப்போயிருவான். நேரா நிறுத்திப்போடுங்க. நல்ல நாள், உங்க கையாலயே ஆகட்டும்."

சார் சிரித்தார். படத்தோடு சேர்ந்து திரும்புவதற்கான டிக்கை எடுத்துவிட்டு அம்பை நிமிர்த்தினார். சேவ். கும்பிட்டார். சைட்காரரும் கும்பிட்டார்.

நான் மட்டும் பொரித் தட்டோடு பின்னால் நின்றேன், மற்றவர்கள் கீழே பூசணி உடைக்கப் போயிருந்தார்கள். திரையின் மேலே 00 என்று தெரிந்த மாதிரி இருந்தது. காப்பி எடுத்திருப்பார். சாம்பிராணிப் புகை, கண் எரிச்சல். லட்டில் முந்திரி அதிகம், ஒன்று அம்மாவுக்கு எடுத்து வந்தேன்.


ஜூன் 28, சனி

இந்த வாரம் முழுக்க எனக்கு வீடு வரைவதுதான். மேலிருந்து எடுத்த படத்தில் ஒவ்வொரு கூரையாகச் சுற்றிக் கோடு போட வேண்டும். ஓடு, கான்கிரீட் தார்சு, தகரம். தென்னை மறைத்த வீடுகளில் சந்தேகம். ஒரு மொட்டை மாடியில் யாரோ மிளகாய் காயப் போட்டிருந்தார்கள், சிவப்பாகச் சின்னச் சதுரம். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

நித்யாக்காவும் ரஃபீக் அண்ணனும் பேரூராட்சியின் வார்டு தாள்களை முடித்து அனுப்பிவிட்டார்கள். நித்யாக்கா ஊருக்கு, சத்தியமங்கலம், நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். "தண்ணி நெறையப் போகுதாம் பவானில. நீயும் ஒருக்கா வாயேன் கௌசி. வந்து பேசாமயே உக்காந்துக்க, ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

வாரேன் என்று தலையாட்டினேன். போக மாட்டேன் என்று அவருக்கும் தெரியும்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். பேசாமல் ஒரு நாளை ஓட்டிவிடலாம். அம்மாவின் ஆபரேஷனுக்காக ப்ளஸ் ஒன்னில் படிப்பை நிறுத்தியபோது எல்லோரும் பாவம் என்றார்கள். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்ல இனி யாரும் இல்லை என்று உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மில் ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எத்தனை பேர் என்று தெரியவில்லை.


ஜூலை 1, செவ்வாய்

மழை இல்லை. காற்று மட்டும்.

பதினொரு மணி இருக்கும், பேரூராட்சி இன்ஜினியர் போன். சார் ஸ்பீக்கரில் போட்டார், பிறகு எடுக்க மறந்துவிட்டார்.

"உங்க மேப்ப நம்பித்தானுங்க தோண்டுனோம். நாலு ரோடு சேர்ற எடம், வால்வு வடகெழக்கு மூலைலன்னு போட்டிருக்குது. தோண்டுனா மெயின் குழாய். பொக்லைன் கை வெச்சதுல ஒடஞ்சு ரோடெல்லாம் தண்ணி. ரெண்டு வார்டுக்குக் குடிக்கத் தண்ணியில்லை. பொம்பளைங்க குடத்தக் கொண்டாந்து என் டேபிள் மேல வெச்சுட்டுப் போயிருக்காங்க. வெறும் குடம்!"

"வால்வு எந்த மூலைலீங்க இருந்துது?"

"தென்கெழக்கு. மூலை மாறிக் கெடக்குது. இன்னும் எத்தன தாள்ல இப்பிடி?"

சார் "பாத்துட்டுச் சொல்றனுங்க" என்று மட்டும் சொன்னார். போனை வைத்த பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அமாவாசை அன்று நிமிர்த்திய அம்பு.

சாப்பாடு: தக்காளி சாதம். பாதியை அப்படியே கொண்டு வந்துவிட்டேன், அம்மா திட்டினாள்.


ஜூலை 2, புதன்

ரஃபீக் அண்ணன்தான் கண்டுபிடித்தார். நீளத் தெருக்கள் தாளில் அடங்க வேண்டுமென்று படத்தைத் திருப்பி வைத்த தாள்களில் மட்டும் தப்பு. படம் திரும்பியிருக்கிறது, அம்பு திரும்பவில்லை. எல்லாத் தாளிலும் அது மேலே பார்த்தபடி நிற்கிறது. அதை நம்பித் தாளைப் பிடித்தால் ஒரு மூலை இன்னொரு மூலையாகிவிடும்.

"டெம்ப்ளேட்டுலயே டிக்க எடுத்து வெச்சிருக்காங்க சார். அதுலருந்து எடுத்த எல்லாத்துலயும் அதேதான்."

டெம்ப்ளேட்டில் யாருடைய படமும் தங்காது. சட்டம், அம்பு, நிறக் குறிப்பு, இவை மட்டும் தங்கும். சைட்காரரின் படம் போய்விட்டது, அவர் கேட்ட அம்பு தங்கிவிட்டது.

"யாரு சேவ் பண்ணுனது?"

"பேரு எல்லாருக்கும் ஒரே பேருதானே சார். ஆனா எந்த மெஷின்னு சர்வர் சொல்லுது." ரஃபீக் அண்ணன் கொஞ்சம் தயங்கினார். "போன புதன்கிழமை. கௌசி உக்கார்ற மெஷின்."

எல்லோரும் திரும்பினார்கள். நான் கீபோர்டில் ஸ்பேஸ் பாரைப் பார்த்தேன், அதில் ஒரு பொரி ஒட்டிக்கொண்டிருந்தது.

சார் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "என்ன கண்ணு செஞ்ச அன்னைக்கு? வெளையாட்டுக்கு எதையாச்சும் தொட்டியா?"

அவருக்கு ஞாபகமே இல்லை. நடிக்கவில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. மாதா மாதம் சாமிக்குச் செய்வதை யார் ஒரு வேலையாக நினைத்து வைத்துக்கொள்வார்கள்.

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். ஆமாம் என்பது போலத் தெரிந்திருக்குமோ என்னவோ.

"சரி உடு," என்றார். "சனிக்கிழமை இன்ஜினியர் வர்றாரு. தப்பு செஞ்ச ஆள மாத்தியாச்சுன்னு சொன்னாத்தான் மீதி வார்டு தருவேங்கறாரு."

யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.


ஜூலை 3, வியாழன்

எல்லாத் தாளும் மறுபடி. திற, டிக், அம்பு திரும்புகிறதா பார், சேவ், அச்சு. திற, டிக். கண் வலிக்கிறது. எனக்குப் பாதி, நித்யாக்காவுக்குப் பாதி. அவருடைய பங்கை முடித்துவிட்டு என்னுடையதிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார், கேட்காமல்.

டீ குடிக்கக் கீழே போகும்போது படியில் நிறுத்தினார்.

"நெசத்தச் சொல்லு கௌசி. நீயா?"

இல்லை.

"அப்ப யாரு? உன் மெஷின்ல யாரு உக்காந்தா?"

வாயைத் திறந்தேன். எதிரே டீக்கடையில் சார் நின்றிருந்தார், தெரிந்தவர் யாரோடோ. "உங்க கைராசிக்கு என்னங்க" என்று அந்த ஆள் சொல்வது இங்கே வரை கேட்டது. மூடிக்கொண்டேன்.

"பேசித் தொலையேன் அம்மணி. வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் நித்யாக்கா. கோபம் இல்லை, களைப்பு. வடை வாங்கிக் கொடுத்தார்.

சொல்ல முடியாததற்குக் காரணங்கள், எழுதிப் பார்க்கிறேன்:
மார்க் கேட்காமல் வேலை கொடுத்தவர்.
அம்மாவின் ஆபரேஷன் பற்றி இப்போதும் விசாரிக்கிறவர்.
உங்கள் கைராசிதான் குழாயை உடைத்தது என்று எப்படிச் சொல்வது.
சொன்னால் நம்புவார்களா.
காரணமே இல்லாவிட்டாலும் என்னால் சொல்ல முடியாது. நான் அப்படித்தான்.

கடைசிதான் உண்மை.

பஸ்ஸில் பின்சீட்டில் இரண்டு பேர்: "அவனக் கேட்டா அவங்கறான், இவனக் கேட்டா இவங்கறான்." "கேமரா வெச்சிருக்கோணும்." "வெச்சா அதையும் எவனாச்சும் திருப்பி வெச்சுருவான்." யாருடைய கதையோ.


ஜூலை 4, வெள்ளி

மாமா நேரிலேயே வந்துவிட்டார், ஒரு தார் வாழைப்பழத்தோடு. அப்பா அப்போதுதான் தறியிலிருந்து வந்திருந்தார். தறிச் சத்தம் அவர் காதிலேயே இருக்கும், அதனால் வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவார். எங்கள் பிரச்சினை பக்கத்து ஊட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

"அங்க என்னமோ தப்பு நடந்து போச்சாமா?" என்றார் அப்பா.

அம்மாதான் சொல்லியிருக்கிறாள்.

மாமா: "போச்சாது உடுங்க மச்சான். கம்ப்யூட்டர் வேலையெல்லாம் படிச்சவங்களுக்கு. ஒண்ணு ஆச்சுன்னா கடைசில இருக்கறவ தலையிலதான் வெடியும். மில்லுல அப்பிடியில்லை. பேசற வேலையே கெடையாது, மெஷின் சத்தத்துல எவளும் எவகூடவும் பேச முடியாது. இவளுக்குன்னே செஞ்ச மாதிரி."

எனக்காக நல்லதாகத்தான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன் போல. அம்மா பெட்டியைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தாள். "வெயில்ல வெக்கலாம்னு எடுத்தேன்" என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே.

பேச முடியாத இடம் வேறு, பேசாமல் இருக்கலாம் என்கிற இடம் வேறு. மாமாவுக்கு இதை எப்படிச் சொல்வது. நான் அந்தக் கூரைகளையெல்லாம் சுற்றிக் கோடு போட்டிருக்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் அந்த ஊரில் எந்த வீட்டுக்குப் பின்னால் கிணறு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் இல்லாத இரண்டு வார்டு. நேற்றுத்தான் குழாயை ஒட்டினார்களாம்.

நாளை சனி. ஒரு வாக்கியம்தான். பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "சார், அது நீங்கதான்." திட்டுவது போல இருக்கிறது. "சார், அன்னைக்கு நீங்க." பாதியில் நிற்கிறது. அம்மா கதவைத் தட்டினாள், தண்ணியெல்லாம் போகுது என்று.


ஜூலை 5, சனி

தலைவலி. எழுதிவிட்டுப் படுக்க வேண்டும்.

காலையில் சார் எல்லோரையும் சர்வர் இருக்கிற மேஜைக்குக் கூப்பிட்டார். இன்ஜினியர் மூன்று மணிக்கு. அதற்குள் டெம்ப்ளேட்டைப் பூட்டிவிட வேண்டும், வந்தால் காட்ட வேண்டும்.

ரஃபீக் அண்ணன் உட்கார்ந்தார். "முதல்ல எல்லாருக்கும் தனித்தனிப் பேரு, தனிப் பாஸ்வேர்டு. சாமி பேரு வேண்டாம் சார், சாமிய விட்டுருவோம். டெம்ப்ளேட் ஃபோல்டர எல்லாரும் பாக்கலாம், காப்பி எடுத்துட்டுப் போலாம். உள்ள சேவ் பண்ண முடியாது."

"போன தடவையே ரீட் ஒன்லி போட்டமே?" என்றார் நித்யாக்கா.

"அது கதவச் சாத்தி வெச்ச மாதிரி. யாரு வேணா திறக்கலாம். நீயே ரெண்டு தடவை திறந்தே."

"நீங்க ஊதா பூசுனப்ப?"

"அது ஊதாவே இல்லைம்மா."

சார் சிரித்துவிட்டார். நான்கு நாளில் முதல் தடவை. "சரி சரி. யாராச்சும் ஒருத்தருக்குத் திறக்கற உரிமை இருக்கோணுமல்ல? எனக்கு மட்டும் வெச்சிரு. நான் எங்க தொடப் போறேன். அமாவாசைக்கு அமாவாசை ஒருக்காத் திறந்து கும்பிட்டுட்டு மூடிருவேன்."

ரஃபீக் அண்ணன் "ஆகட்டும் சார்" என்று சாருடைய பெயரை அடிக்க ஆரம்பித்தார்.

"உங்களுக்கும் வேண்டாங்க சார்."

யார் சொன்னது என்று எல்லோரும் பார்த்தார்கள். நான்தான். குரல் என்னவோ போல இருந்தது.

"என்ன கண்ணு?"

"உங்களுக்கும் வேண்டாங்க சார்." பிறகு நிறுத்த முடியவில்லை. "அன்னைக்கு நீங்கதாங்க அம்ப நேரா நிறுத்துனீங்க. சைட் போடறவரு சாஞ்சிருக்குதுன்னு சொன்னாரு. டிக்க எடுத்துட்டு சேவ் பண்ணுனீங்க. காப்பி எடுக்கலீங்க. 00 அதுதானுங்க. நான் பின்னால தட்டு வெச்சுட்டு நின்னேன்."

மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். பிறகு மூச்சு வாங்கியது. நித்யாக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், ஏன் என்று தெரியவில்லை, விழுந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

சார் என்னையே பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் எதையோ பார்த்தார்.

"லட்டு கொண்டாந்தாரே, அவருக்கா?"

"ஆமாங்க."

"டிக்க எடுத்தனா?"

"எடுத்தீங்க சார்."

எழுந்து போனார். குழாயடியில் முகம் கழுவும் சத்தம் நெடுநேரம் கேட்டது. ரஃபீக் அண்ணன் மெதுவாக, "கௌசி, உன் குரல் இப்படித்தான் இருக்குமா? நான் இத்தன நாளா வேற மாதிரி நெனச்சிட்டிருந்தேன்," என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும்.

சார் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். "என் பேர எடுத்துரு ரஃபீக்."

"அப்ப யாருக்கு வெக்கறது சார்?"

"ரெண்டு பேருக்கு வையி. கோயில் உண்டியலுக்கு ரெண்டு சாவி வெக்கறாங்கல்ல, அப்பிடி. பாஸ்வேர்டுல பாதி நீ, பாதி நித்யா. தனியா ஒருத்தரு திறக்கவே கூடாது."

"அமாவாசைக்கு?" என்றார் நித்யாக்கா. கேட்டே விட்டார்.

சார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்குன்னு ஒரு வெறும் ஃபைல் போட்டுக் குடுங்க. அதுல என்ன வேணா செஞ்சுக்கறேன்."

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். மவுஸ் திரை முழுக்க ஓடியது.

மூன்று மணிக்கு வர வேண்டிய இன்ஜினியர் நாலரைக்கு வந்தார். வெயிலில் கறுத்து, கண்ணெல்லாம் சிவந்து, எங்களைவிடக் களைத்திருந்தார். சாருடைய அறையின் கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. புதுத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சார் சர்வரைக் காட்டினார், பூட்டைக் காட்டினார்.

"அதெல்லாஞ் சரிங்க. ஆள மாத்தியாச்சுங்களா?"

"மாத்தலீங்க."

"ஏனுங்க?"

"ஆளே நான்தானுங்க. எங்கீங்க கொண்டுபோயி மாத்தறது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தகரக் கூரையைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன், நான்கு மூலைக்கு ஏழு புள்ளி வைத்துவிட்டேன். அழித்தேன்.

இன்ஜினியர் டீயைக் குடித்து முடித்தார். "யோசிச்சுச் சொல்றனுங்க," என்றார். தாள்களைச் சுருட்டிக்கொண்டு போனார்.

கிளம்பும்போது சார் வாசலில் நின்றார். வாரேங்க சார் என்றேன். "ம்" என்றார். அவ்வளவுதான்.


ஜூலை 6, ஞாயிறு

துணி துவைத்தேன். தலைக்குக் குளித்தேன். பெட்டி வாசல் திண்டு மேல் திறந்து கிடக்கிறது, வெயிலே இல்லை. அதைத் தாண்டித் தாண்டிப் போகிறோம், ஒருவரும் உள்ளே எடுத்து வைக்கவில்லை.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "மொதலாளியப் போயா சொன்ன?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, அடுப்படியிலிருந்து, "எப்பிடிச் சொன்ன?" என்று கேட்டாள். சொல்லிக் காட்டச் சொன்னாள். முடியாது என்றேன்.

பகலெல்லாம் தூங்கினேன்.


ஜூலை 7, திங்கள்

காற்று குறைந்திருக்கிறது. பஸ்ஸில் இடம் கிடைத்தது.

புதுப் பெயர், புதுப் பாஸ்வேர்டு. என் பெயரை நானே அடித்து உள்ளே போனேன். சும்மா ஒரு சோதனைக்கு டெம்ப்ளேட்டைத் திறந்து அம்பை ஒரு இழு இழுத்து சேவ் கொடுத்தேன். அனுமதி இல்லை என்று வந்தது. ரஃபீக் அண்ணன் அங்கிருந்தே, "யாரும்மா அது, முதல் திருடி?" என்றார். அவருக்குத் திரையில் தெரிகிறதாம்.

பதினோரு மணிக்கு சார் வந்து எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். மீதி வார்டு வேறு ஆபீஸுக்குப் போய்விட்டது. திருத்திய தாளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்களாம். "ரெண்டு மூணு மாசம் இறுக்கமாத்தான் இருக்கும். யாரையும் போகச் சொல்லலை. இருக்கறவங்க இருங்க." கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னாரா, ஜன்னலைப் பார்த்தா, தெரியவில்லை. முகத்தில் கோபம் இல்லை. சிநேகமும் இல்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் மீதி வார்டு வந்திருக்கும். அதை நித்யாக்காவும் நினைத்திருப்பார், சொல்லவில்லை. வடை வாங்கிக் கொடுத்தார், பாதியை அவரே சாப்பிட்டார்.

மத்தியானம் ஒரே ஒரு வேலை. யாரோ ஒருவருடைய தோட்டம், கிணறு, மோட்டார் ரூம். சின்னது. காப்பி எடுத்துச் செய்தேன்.

வீட்டுக்கு வந்தால் மாமா போனில். அம்மா பேசிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் போனை நீட்டினாள். "நான் சொல்ல மாட்டேன். வரலீன்னா நீயே சொல்லு. மொதலாளிகிட்டயே சொன்னவதானே."

வாங்கினேன்.

"மாமா, நான் மில்லுக்கு வரலீங்க."

"ஏன் கண்ணு, அங்கயே இருக்கச் சொல்லிட்டாங்களா?"

"இருக்கறவங்க இருங்கன்னாங்க."

"அது எத்தன நாளைக்கு?"

"தெரியலீங்க மாமா. ஆனா மில்லுக்கு வரலீங்க."

அந்தப் பக்கம் மில் சத்தம் இரைந்தது. "என்ன, கேக்கலை, சத்தமாச் சொல்லு," என்றார்.

சத்தமாகச் சொன்னேன்.